பாட்டுக்கு ஒரு ஆக்சிலேட்டர்

எர்ணாவூரில் போய் செல்வநாதன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். சங்கு ஊதின டிரைவர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள். உண்மையில் அவர் சங்கு ஊதவே இல்லை. பாட்டுதான் வாசித்தார். ஆனால் ஒரு தெரு மொத்தமும் ஈரத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடிவிட்ட பிறகு, அது பாட்டு என்று எவன் போய் வாதாடுவது?

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. நாற்பதடி கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லரின் டிரைவர். பிறந்து வளர்ந்தது ராயபுரம். அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர். பதினாலு வயதிலேயே செல்வநாதன் மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்க உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை, மாதா திருவிழா, கல்யாண வரவேற்புக் கச்சேரி என்று பத்து வருஷம் ஓடியது. அப்புறம் ஆலிஸைக் கட்டிக்கொண்டார், மகள் பிறந்தாள் (இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள்), ராயபுரத்து வாடகை கழுத்தைப் பிடித்தது. கீபோர்டு சோறு போடாது, ஸ்டீயரிங் போடும் என்று புரிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு எர்ணாவூருக்கு வந்துவிட்டார். இதைச் சொல்லி யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. அவருக்கு லாரியும் பிடிக்கும்.

டிரெய்லர் டிரைவர் என்றால் ஓட்டுகிறவர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நிற்கிறவர் என்பதுதான் சரி. துறைமுகத்துக் கேட்டுக்கு வெளியே கிலோமீட்டர் கணக்கில் வரிசை நிற்கும். பத்தடி நகரும், ஒரு மணி நேரம் நிற்கும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்குவார்கள். செல்வநாதன் போனில் வீடியோ பார்ப்பார். அதுவும் சினிமா இல்லை. எந்த நாட்டுக்காரனோ ஒருவன் குமிழும் ஓட்டையும் நிறைந்த பெட்டி முன்னால் உட்கார்ந்து வயர் சொருகிக்கொண்டிருப்பான். அந்தப் பெட்டிக்கு மாடுலர் சிந்தசைசர் என்று பெயர். வாழ்நாளில் அதைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், பசித்தவன் பந்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதைக் கண்ணால் பார்க்க வைத்தவன் எத்திராஜ். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரி வயரிங் வேலை செய்கிற கடை வைத்திருப்பவன். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி, யாரும் வந்து கேட்காமல் வருஷக்கணக்கில் கிடக்கும் சரக்குகளை ஏலம் விடுவார்கள் இல்லையா, அப்படி ஒரு லாட்டை எடுத்த பழைய இரும்பு வியாபாரி அதிலிருந்த ஒரு பெட்டியை இன்னதென்று தெரியாமல் எத்திராஜிடம் தள்ளிவிட்டார். எத்திராஜ் செல்வநாதனுக்குப் போன் போட்டான்.

"நைனா, ஒரு பொட்டி வந்துகீது. ஒரே குமிழு, ஒரே ஓட்டை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சா, குண்டா, ஒண்ணும் தெரில. நீதான் பாட்டு கீட்டு வாசிப்பியே, வந்து பாரு."

செல்வநாதன் போய்ப் பார்த்தார். பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அலுமினியம் என்ன விலையோ அந்த விலைக்கு எடை போட்டு வாங்கி வந்தார். கூடவே முப்பத்திரண்டு கட்டை உள்ள ஒரு சின்ன கீபோர்டும் இருந்தது.

சாதாரண கீபோர்டில் வயலினும் புல்லாங்குழலும் உள்ளேயே தயாராக இருக்கும், கட்டையை அமுக்கினால் வந்துவிடும். இந்தப் பெட்டியில் எதுவுமே தயார் கிடையாது. ஒரு பலகை வெறும் ரீங்காரம் போடும். இன்னொன்று அதைச் சீவும். மற்றொன்று கதவு மாதிரி திறந்து மூடும். எதிலிருந்து எதற்கு வயர் போடுகிறோமோ அதுதான் சத்தம். அரிசி பருப்பைக் கையில் கொடுத்து, நீயே பொங்கிக்கொள் என்று சொல்வதைப் போன்ற வாத்தியம். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில் அதை வைத்துக்கொண்டு, லீவு நாளெல்லாம் பொங்கினார். ஆறு மாசம் கழித்துத்தான் ஒரு சுமாரான குரல் கிடைத்தது.

"மிக்ஸி ரிப்பேரான மாரி கீது," என்றாள் ஆலிஸ். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். நூற்றெழுபது பிள்ளைகளுக்குச் சாம்பார் வைப்பதால் எதையும் சுருக்கமாகப் பேசுகிறவள். ஆனாலும் மாடிக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள்.

குரல் கிடைத்தது சரி, அது படிக்கட்டில் ஏறுகிற மாதிரி சுரத்துக்குச் சுரம் தாவிக்கொண்டிருந்தது. நம் பாட்டு தாவுமா? ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும், போகிற வழியில் கொஞ்சம் அசையும். சுருதியை வளைக்க வேண்டும். வலது கை கட்டையில், இடது கை குமிழில். மிச்சம் இருந்தது கால்தான். இருபது வருஷமாக முப்பது டன் சுமையை மேம்பாலத்தில் ஏற்றி இறக்குகிற கால். ஒரு நூல் அளவு கூடுதலாக மிதித்தால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும்.

இதற்கும் வழி சொன்னவன் எத்திராஜ்தான். "இப்ப வர்ற வண்டில ஆக்சிலேட்டருக்கு கேபிளே கெடையாது நைனா. பெடலை மிதிச்சா வோல்ட்டு ஏறும், அத்த பாத்து இன்ஜின் ஓடும். உன் பொட்டியும் வோல்ட்டுல தானே ஓடுது?"

பெட்டியும் வோல்ட்டில்தான் ஓடியது. அதில் ஒரு வோல்ட் கூடினால் சத்தம் ஒரு ஸ்தாயி மேலே ஏறும். விபத்தில் நொறுங்கிப்போன ஒரு லாரியிலிருந்து ஆக்சிலேட்டர் பெடலைக் கழற்றி, ஒரு மொபைல் சார்ஜரிலிருந்து அதற்கு ஐந்து வோல்ட் கொடுத்து, மூன்றாவது வயரைப் பெட்டியில் சொருகும்படி முடிந்து கொடுத்தான். முழுசாக மிதித்தால் மூன்று வோல்ட் வரும். அதாவது மூன்று ஸ்தாயி. அவ்வளவு வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்ளப் பெட்டியிலேயே ஒரு குமிழ் இருந்தது.

மேலே போவதற்கு முன் அந்தத் தெருவின் சமாசாரம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதற்கு முந்தின வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, பக்கத்துக் கம்பெனி ஒன்றில் குழாய் விட்டு காஸ் கசிந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே எதற்கு, மூக்குக்குப் பெயரா தெரியப் போகிறது? அபாயச் சங்கு கீழிருந்து மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறி ஊதியது. அன்றைக்கு ஆலிஸுக்குப் பள்ளி லீவு. தெரு ஓடியது, ஆலிஸ் ஓடவில்லை. துறைமுகத்திலிருந்து அந்த நேரத்துக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்த புருஷனுக்குப் போன் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். இருபது நிமிஷம். போன் ஸ்விட்ச் ஆஃப். கடைசியில் கீழ்வீட்டு ரஹீமுன்னிசா திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனபோது அவளால் நடக்கவே முடியவில்லை. எட்டு நாள் ஆஸ்பத்திரி. கட்டிலில் படுத்துக்கொண்டே, "அடுத்த தபா நா யாருக்காவும் நிக்க மாட்டேன்," என்றாள். "நிக்காத," என்று செல்வநாதனும் சொன்னார். காஸ் போய்விட்டது, இருமல் போகவில்லை. மழை விட்டும் தூவானம் விடவில்லை.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்குள்ளும் ஒரு பக்கெட் தண்ணீர், மேலே ஒரு துண்டு. சங்கு கேட்டால் அடுப்பை அணை, துண்டை நனை, கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார், காற்றுக்குக் குறுக்கே ஓடு. இதைக் குழந்தைகள் வாய்ப்பாடு மாதிரி சொல்லும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மத்தியானம் ஒரு மணி. பெடல் வந்த முதல் நாள். அறையில் இடம் இல்லாததால் ஸ்பீக்கரை வெளியே, மாடிச் சுவர் ஓரமாக வைத்திருந்தார். குறைக்கிற குமிழைக் குறைக்க மறந்துவிட்டார், அல்லது முழுசாக எவ்வளவு ஏறும் என்று பார்க்கிற ஆசை. ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சுமை வண்டியை மேம்பாலத்தில் ஏற்றுகிற மாதிரி நிதானமாக மிதித்தார். சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஏறியது, ஏறிக்கொண்டே போனது, உச்சியில் நின்றது. காலைத் தளர்த்தினார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் மிதித்தார். இன்னும் ஒரு தரம்.

கண்ணைத் திறந்தபோது கீழே ஏதோ அமளி. எட்டிப் பார்த்தார். தெரு முழுக்க ஜனம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன நினைப்போம்? ஐயோ, நம் சத்தத்தைக் கேட்டு ஓடுகிறார்கள் என்றுதானே? எர்ணாவூர்க்காரருக்கு அப்படித் தோன்றாது. காஸ் கசிந்துவிட்டது என்றுதான் அவருக்குத் தோன்றியது. லுங்கி முனையைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி மூக்கில் வைத்துக்கொண்டு பதினோரு படி இறங்கி முதல் மாடி வீட்டுக்குள் பாய்ந்தார். கதவு திறந்து கிடந்தது. அடுப்பு அணைந்திருந்தது. பக்கெட் மேலிருந்த துண்டு இல்லை. ஆலிஸும் இல்லை. செருப்பு மட்டும் இருந்தது. அவள் மேலே வந்து கூப்பிடவில்லை என்பது அவருக்கு அந்த அவசரத்திலும் உறைத்தது. உறைத்ததை ஒதுக்கிவிட்டு, தான் ஊதின சங்குக்குத் தானே பயந்து ஓடினார்.

மெயின் ரோட்டில் எல்லாரும் மூச்சிரைத்துக்கொண்டு நின்றார்கள். ஆலிஸ் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்தாள், உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வாடையே காணமே," என்றாள் ரஹீமுன்னிசா, காற்றை முகர்ந்தபடி. செல்வநாதன் குடியிருக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரி. ஐம்பத்தைந்து வயது, கனத்த சரீரம், ஓடியதில் முழங்கால் சிராய்ந்திருந்தது. "நீ கேட்டியா தம்பி சங்கு?"

"இல்லக்கா, நா கேக்கல," என்றார் செல்வநாதன்.

"கேக்கலயா? அடியிலேர்ந்து ஏறி ஏறி எறங்குச்சே, மூணு தபா! காது இன்னா அடைச்சுகீதா?"

மூன்று தரம். அவர் மிதித்ததும் மூன்று தரம்தான். மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மூட்டு வலியோடு ஓடிவந்து நிற்கிற கிழவர்களையும், ஆலிஸின் இருமலையும் பார்த்துவிட்டு அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, அது... நாந்தான். மாடில வாசிச்சுகினு இருந்தேன்."

அப்புறம் பேசினார்கள் பாருங்கள், அதையெல்லாம் எழுதினால் காகிதம் வெட்கப்படும். ரஹீமுன்னிசாவின் பேச்சு மட்டும் எழுதத்தக்கது. "பிரியாணிக்கு அரிசி போட்டு தம் கட்ற நேரம்யா! அடுப்ப அணைச்சுட்டு ஓடியாந்தேன். எட்டு பேரு சாப்ட வர்றாங்க. அரை வேக்காட்டு அரிசிய உன் பொட்டி முன்னால கொட்டவா?"

அன்று மாலையே தெருவில் நாலு பெரியவர்கள் கூடித் தீர்ப்பு சொன்னார்கள். பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அந்த மட்டும் நல்லவர்கள். வாசித்துக்கொள், ஆனால் சத்தம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறக் கூடாது. ஏறினால் வீட்டைக் காலி செய். செல்வநாதன் சரி என்று தலையாட்டினார்.

அந்தக் குறைக்கிற குமிழுக்கு இன்னொரு குணம் இருந்தது. நடுவில் நிறுத்தினால் பெடல் வேலை செய்யாது. வலது பக்கம் திருப்பினால் மிதிக்க மிதிக்க ஏறும். இடது பக்கம் திருப்பினால் மிதிக்க மிதிக்க இறங்கும். செல்வநாதன் அதை இடது பக்கம் கொஞ்சமாகத் திருப்பி வைத்துவிட்டார். இரண்டு சுரத்துக்குமேல் போகாது, அதுவும் கீழ்நோக்கித்தான். மிதித்த காலை எடுத்தால் சத்தம் திரும்ப மேலே வருமே, அதற்கு என்ன செய்வது? கட்டையிலிருந்து விரலை எடுத்துச் சத்தத்தை மூடிவிட்டு, அப்புறம்தான் காலை எடுப்பார். கியர் மாற்றுகிற மாதிரி ஒரு பழக்கம் அது. பத்து மாசம் அப்படியே வாசித்தார். அவர் பாட்டெல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தது. கேட்டவர்கள் உருக்கமாக இருக்கிறது என்றார்கள். உருக்கமாவது மண்ணாங்கட்டியாவது, வீட்டைக் காலி செய்யாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

தெரு மறந்துவிட்டது, கேலியாக்கிவிட்டது. வீட்டுக்குள்தான் மறக்கவில்லை. ஆலிஸ் மாடிக்கு டீ கொண்டு வருவதை நிறுத்திவிட்டாள். படிக்கட்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். குக்கர் விசில் மெல்லக் கிளம்பி ஏறினாலே அவள் கை மார்புக்குப் போகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அவளுக்கு ஏறுவதெல்லாம் சங்கு. சோறு போட்டாள், பேசினாள், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துதான் பூசைக்குப் போனார்கள். ஆனாலும் மேலே ஏற பதினோரு படி இருந்தது, அவள் கீழே இறங்கிவிட்டாள் என்பது இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது. அவர் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குப் பயம். அவளை இழந்துகொண்டிருக்கிறோமோ என்று சில நாள் வரிசையில் நிற்கும்போது தோன்றும், அப்போதெல்லாம் வீடியோ பார்க்கப் பிடிக்காது.

ஆகஸ்டு நடுவில் சாவியோ தேடிக்கொண்டு வந்தான். ராயபுரத்துக் கோயிலில் இப்போது பாடகர் குழுவை நடத்துகிறவன், செல்வநாதனுக்கு அக்கா மகன். மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றம் வருகிறது. கொடி கம்பத்தில் ஏறும்போது ஒரு பாட்டு பாடுவார்கள். அதில் கடைசி வரிக்கு முன்னால் குழு 'மாதாவே' என்று ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, கொடி உச்சிக்குப் போகிறவரை மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போகும். பாடகர்களுக்கு மூச்சு போதாமல் வருஷா வருஷம் நடுவில் அறுந்துவிடும்.

"மாமா, உன் பொட்டில அந்த இழுப்பு வருமாமே. எத்திராஜ் சொன்னாரு. கொடி கூடவே ஏத்திகினு போலாம் மாமா, அறுந்தே போவாது."

"வராது," என்றார் செல்வநாதன். "நா ஏத்துறதில்ல."

அடுக்களையிலிருந்து ஆலிஸ் வெளியே வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. சாவியோவுக்கு டீயைக் கொடுத்தாள். "யோசிச்சு சொல்லுவாரு," என்று அனுப்பி வைத்தாள். அவன் போனதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்கு வராதுன்ன?"

"கூட்டத்துல நீ நிப்ப. கேட்டா உனுக்கு ஆவாது."

"எனுக்கு ஆவாதுன்னு உனுக்கு யாரு சொன்னது?"

"நாந்தான் பாக்கறனே."

அவள் பத்து மாசமாக வாயில் அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள். "அன்னிக்கி நீ மேலதான் குந்திகினு இருக்கன்னு எனுக்குத் தெரியும்யா. தெரிஞ்சேதான் ஓடுனேன். படிகிட்ட வந்தேன், மேல பாத்தேன், கீய எறங்கிட்டேன். அத்த நெனச்சா எனுக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

செல்வநாதனிடமும் ஒன்று இருந்தது, அதற்கு வயது இன்னும் கூடுதல்.

"நா ஒண்ணு சொல்றேன் ஆலிஸு. மெய்யாலுமே காஸ் வந்த அன்னிக்கி என் போனு ஸ்விட்ச் ஆஃப்ல இருந்துச்சே. சிக்னல் இல்லன்னு உன்னாண்ட சொன்னேன். பொய். லைன்ல நின்னுகினு இந்தப் பொட்டி வீடியோவத்தான் பாத்துகினு இருந்தேன். சார்ஜ் தீந்து போச்சு. நீ இருவது நிமிசம் நின்னது அதுக்குத்தான்."

ஆலிஸ் அவரையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம், முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய் அடுக்களையில் பாத்திரங்களைக் கழுவினாள், கழுவினவற்றையே இன்னொரு தரம் கழுவினாள். செல்வநாதன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் கழித்துக் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

"வா மாடிக்கு," என்றாள்.

மாடியில் அவர் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். "எந்தக் குமிழு?" என்று கேட்டாள். காட்டினார். "வலது பக்கம் திருப்பு." திருப்பவில்லை அவர். "திருப்புயா," என்றாள். "சங்கு ஊதுதுன்னா எனுக்கு இன்னா பயம் தெரியுமா? ஏறிகினே போவுது, எங்க நிக்கும்னு தெரில. அது எவன் கைலயோ கீது. என் காலாண்ட இருந்தா நிப்பாட்றது நானு."

செல்வநாதன் முதலில் கீழே இறங்கிப் போய் ரஹீமுன்னிசாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, வீடு வீடாகப் போய், "ஆலிஸு வாசிக்கப் போவுது, எவளும் அடுப்ப அணைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். ஸ்பீக்கரை அறைக்குள் இழுத்து, சத்தத்தைக் குறைத்து வைத்தார். ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

முதல் மிதி, பச்சை விளக்கு விழுந்த ஷேர் ஆட்டோ மாதிரி சீறிக்கொண்டு போனது. அவளே அலறிவிட்டுக் காலை எடுத்தாள். கை மார்புக்குப் போனது, இருமினாள், கண்ணில் நீர் வந்தது. போதும் என்றார் அவர். அவள் கேட்கவில்லை. இரண்டாவது மிதியில் பாதியில் நிறுத்தினாள். நின்றது. மறுபடி கொஞ்சம் ஏற்றி, நிறுத்தினாள். நின்றது. "நிக்குதுயா," என்றாள், ஏதோ அவர் நிற்காது என்று சத்தியம் செய்தது மாதிரி.

பன்னிரண்டு நாள் பழகினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அரை மணி நேரம். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நுனிக்காலால் மிதிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். எனக்கு வெறுங்காலில்தான் வரும் என்று அவள் சொன்னாள். சில நாள் நன்றாக வந்தது. சில நாள் ஏறுகிற சத்தம் காதில் விழுந்ததுமே உடம்பு உதறி, எழுந்து கீழே போய்விடுவாள், அன்றைக்குப் பாட்டு அவ்வளவுதான். கொடியேற்றத்தன்று வருவாளா என்று அவருக்கு நிச்சயமில்லை. வராவிட்டால் இழுப்பு கிடையாது என்று சாவியோவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். "நீயே மிதிச்சுடேன் மாமா," என்றான் அவன். மாட்டேன் என்றார்.

வந்தாள். மாலை ஐந்தரை மணி, கோயில் முற்றம் நிறைந்த ஜனம். கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் பாடகர் குழு, ஓரமாகப் பெட்டி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. செல்வநாதன் கட்டைகளுக்கு முன்னால், ஆலிஸ் பக்கத்தில், செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுப் பெடல்மேல் காலை வைத்தபடி. அவள் சேலை விளிம்பு நடுங்குவது அவருக்குத் தெரிந்தது. சாமியார் கொடியை மந்திரித்தார். கயிற்றை இழுக்கத் தொடங்கினார்கள். குழு பாடியது. 'மாதாவே' வந்தது, செல்வநாதன் விரலை அழுத்தினார், ஆலிஸ் மிதித்தாள்.

கொடி ஒரு முழம் ஏறினால் சத்தம் ஒரு முழம் ஏறியது. குழுவின் மூச்சு தீர்ந்தது, பெட்டியின் மூச்சு தீரவில்லை. ஜனம் அண்ணாந்து பார்த்தது. பாதிக் கம்பத்தில் கயிறு சிக்கிக்கொண்டது.

கொடி நின்றுவிட்டது. இழுக்கிறவர்கள் கயிற்றை உதறினார்கள், விட்டு இழுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சாவியோ இந்தப் பக்கம் திரும்பி, நிறுத்திவிடலாமா என்று கையால் கேட்டான். செல்வநாதன் ஆலிஸைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலும் ஏறாமல், கீழும் இறங்காமல், பாதி மிதித்த காலைப் பாதியிலேயே பிடித்திருந்தாள். ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், அப்படிப் பிடித்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று டிரைவருக்குத் தெரியும். கெண்டைக்கால் துடித்தது, நெற்றியில் வேர்வை அரும்பியது, சத்தம் மட்டும் அசையவில்லை. அபாயச் சங்கு நின்றால் எந்த உயரத்தில் நிற்குமோ, கிட்டத்தட்ட அந்த உயரத்தில் அவள் அதை நிறுத்தி வைத்திருந்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். விரலை எடுக்காமல் இருப்பது ஒன்றுதான் செல்வநாதன் செய்ய வேண்டிய வேலை, அதைச் செய்துகொண்டிருந்தார்.

கயிறு விடுபட்டது. கொடி மேலே போனது, அவள் காலும் போனது. உச்சியில் கொடி விரிந்தபோது அவள் பெடலைத் தரைவரை மிதித்திருந்தாள். வெடி வெடித்தார்கள், மணி அடித்தார்கள். செல்வநாதன் விரலை எடுத்தார். அவள் காலை எடுத்தாள்.

சாவியோ ஓடிவந்து என்னென்னவோ சொன்னான். ஆலிஸ் தலையை ஆட்டிவிட்டுக் கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். எத்திராஜின் வேனில் பெட்டியை ஏற்றி அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். வழியில் அவள் ஒரு இடத்தில் நின்றாள்.

"யோவ், ஒண்ணு சொல்லிடறேன். இது வேற, அது வேற. மெய்யாலுமே சங்கு ஊதுச்சுன்னா நா திரும்பவும் ஓடிடுவேன். உன்னத் தேட மாட்டேன்."

"ஓடு," என்றார் செல்வநாதன்.

"நீயும் எனுக்காக நிக்காத. மெயின் ரோட்ல பாத்துக்கலாம்."

"நிக்க மாட்டேன்."

ஆலிஸ் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பொய் சொல்ற," என்றாள்.

ஆமாம், பொய்தான் சொன்னார்.